குறைந்த கழிவில் உலோகம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி, எண்ணூர் ஆகிய பகுதிகளில் பழைய இரும்புக் கடை நடத்துபவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், ஆலைகளை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உலோகவியல் படித்து, உலைகளின் அருகில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குறைந்த கழிவில் உலோகம் எடுப்பது என்றால் சரியாக என்ன?

இன்று உலகில் தோண்டப்படும் செம்புத் தாதில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூடச் செம்பு இருப்பதில்லை. 0.6 சதவீதம் செம்பு உள்ள தாது என்று வைத்துக்கொண்டால், 1 டன் செம்புக்கு 160 டன்னுக்கு மேல் பாறையை உடைத்து மாவாக அரைக்க வேண்டும். அந்தத் தாதை அடைவதற்கு முன் அகற்றும் மேல்மண்ணின் கணக்கு தனி. உலோகத்தை எடுத்துக்கொண்ட பிறகு அந்த மாவு முழுவதும் குழம்பாக ஓர் அணைக்குள் தேக்கப்படுகிறது. அலுமினியத்தின் கதையும் இப்படித்தான். 4 முதல் 5 டன் பாக்சைட்டிலிருந்து 1 டன் அலுமினியம் கிடைக்கிறது, மீதி காரத்தன்மை மிகுந்த செஞ்சேறாக நிற்கிறது. ஹங்கேரியின் அய்கா என்னும் ஊரில் 2010 அக்டோபர் 4 அன்று அப்படிப்பட்ட ஒரு செஞ்சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலத்தில் நம் மாநிலத்திலும் இதே சேறு குவிந்தது.

ஆகவே எந்த முறையைப் பற்றி என்னிடம் கேட்டாலும், எவ்வளவு உலோகம் கிடைக்கிறது என்பதற்கு முன்பாக, உலோகம் எடுத்த பிறகு மிஞ்சுவது என்ன, அது யார் வீட்டுப் பக்கம் போய்ச் சேர்கிறது என்றுதான் பார்ப்பேன். மிஞ்சுவதைக் குறைக்கும் வழிகளில் மிகப் பெரியது, ஏற்கெனவே தோண்டி எடுத்த உலோகத்தை மறுபடி மறுபடி பயன்படுத்துவது. பழைய அலுமினியத்தை உருக்கித் திரும்ப வார்ப்பதற்கு, தாதிலிருந்து எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும்.

காயலான் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. உலோகத்தில் கழிவு பிறப்பதற்கு முதல் காரணம் கலப்பு. செம்பும் இரும்பும் தனித்தனியாக இருக்கும்போது இரண்டும் செல்வம். இரண்டையும் ஒன்றாக உருக்கிவிட்டால், பிரிப்பதற்கு நெருப்பும் அமிலமும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகும், சில சமயம் எவ்வளவு செலவழித்தாலும் பிரிக்கவே முடியாது.

இரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை மின்தூண்டல் உலைகளில் உருக்கிக் கட்டடக் கம்பி உருட்டுகிறார்கள். அந்த உலைக்குள் ஒரு மோட்டார் அப்படியே விழுந்துவிட்டால், அதன் செம்புச் சுருள் இரும்போடு கரைந்துவிடும். உருகிய எஃகில் ஆக்சிஜனை ஊதிக் கரியையும் சிலிக்கானையும் எரித்து நீக்கலாம். செம்பை அப்படி நீக்க முடியாது, ஏனென்றால் செம்புக்கு முன்பாக இரும்பே எரியத் தொடங்கிவிடும். பிறகு எஃகைச் சூடாக உருட்டும்போது, 1,085 டிகிரியில் உருகும் அந்தச் செம்பு மேற்பரப்பின் அடியில் சேர்ந்து துகள்களுக்கிடையே கசிய, கட்டி வெடிப்பு விடுகிறது. கட்டடக் கம்பி ஏறத்தாழ 0.4 சதவீதம் வரை செம்பைத் தாங்கும். காரின் மேல்தகடுபோல ஆழமாக அழுத்தி வடிவமைக்க வேண்டிய எஃகுக்கு 0.06 சதவீதத்துக்கு மேல் ஆகாது. ஒவ்வொரு சுற்றிலும் செம்பு கூடிக்கொண்டே போகும், குறையாது. அதை உலைக்கு வெளியேயே தடுப்பதற்கு உள்ள ஒரே நல்ல வழி, மோட்டாரைக் கழற்றிச் செம்பை உருவி எடுப்பதுதான். அந்த வேலையை யார் செய்கிறார்கள்?

மூலக்கொத்தளம் பக்கம் ஒரு கடையில் பலகைமேல் உட்கார்ந்து பழைய மின்விசிறிகளைப் பிரிக்கும் ஓர் அம்மாவைப் பல முறை பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்தவுடன் சுருளை பிளேடு முனையால் ஒரு சுரண்டு சுரண்டுவார். மேலே பூசிய எனாமல் செம்பு நிறமாகவே இருக்கும், அதை நம்ப முடியாது. சுரண்டிய இடம் சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இரண்டுக்கும் இரண்டு சாக்கு. பிறகு உளியால் ஒரு பக்கத்துச் சுருளை வெட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து தட்டி எடுப்பார், தகடு அடுக்கு இரும்புச் சாக்குக்குப் போகும். பாத்திரங்கள் வந்தால் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். நிக்கல் அதிகமுள்ள நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. ஓர் உலோகவியல் ஆய்வகம் கருவி வைத்துச் செய்யும் முதல் கட்டப் பகுப்பாய்வை அவர் பிளேடும் காந்தமும் வைத்து அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். இந்த வேலையைத் தொழில்திறன் என்று எந்த ஆவணத்திலும் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கழிவைக் குறைக்கும் சங்கிலியில் முதல் கண்ணியும் பெரிய கண்ணியும் அவருடைய பலகைதான்.

வயரை எரித்தால் செம்பு சீக்கிரம் கிடைக்கிறதே, அதில் என்ன தவறு?

வயரின் மேலுறை பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. கலப்பில்லாத பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வருகிறது. அதோடு செம்பே வினையூக்கியாக நின்று டையாக்சின் என்னும் கொடிய நச்சு உருவாவதற்கு உதவுகிறது. டையாக்சின் உடம்பின் கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் வெளியேறாது, தாய்ப்பாலிலும் சேரும். கொடுங்கையூர் குப்பை மேட்டின் ஓரத்தில் மாலை நேரங்களில் எழும் அந்தக் கறுத்த புகையின் எரிச்சலை அங்கே வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொழில் கணக்கிலும் அது நஷ்டம். எரித்த செம்பு கறுத்துப்போய் மேற்பரப்பு ஆக்சைடாக மாறுகிறது, மெல்லிய இழைகள் சாம்பலோடு போய்விடுகின்றன, கடையில் உரித்த செம்புக்குக் கிடைக்கும் விலை எரித்த செம்புக்குக் கிடைப்பதில்லை. தடித்த வயருக்குக் கையால் சுழற்றும் உரிப்பு இயந்திரம் போதும். தலைமுடிபோல் மெல்லிய வயர்களை உரிக்க முடியாது. அவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, காற்றோட்டமுள்ள ஆடும் மேசையில் எடை வேறுபாட்டால் செம்பையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து அப்படி ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்வது நடக்கக்கூடிய காரியம் என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் போர்டில் தங்கம் இருக்கிறதாமே, ஆசிட்டில் போட்டு நாங்களே எடுக்கலாமா?

தங்கம் இருப்பது உண்மை. சுரங்கத் தாதில் ஒரு டன்னுக்குச் சில கிராம் தங்கம் இருந்தாலே தோண்டுவார்கள். பேட்டரி நீக்கிய பழைய கைபேசிகளில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். ஜப்பானில் டோக்கியோ 2020 ஒலிம்பிக்கின் பதக்கங்களுக்காக மக்களிடமிருந்து 62 லட்சத்துக்கு மேற்பட்ட கைபேசிகளையும், அவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 79,000 டன் சிறு மின்னணுச் சாதனங்களையும் திரட்டி, 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலத்துக்கான உலோகமும் எடுத்தார்கள்.

அதே கணக்கைத் தலைகீழாகப் பாருங்கள். ஒரு கைபேசியில் இருப்பது ஏறத்தாழ 0.03 கிராம். பத்துப் போனை உடைத்து நைட்ரிக் அமிலத்திலும், தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகம் என்னும் அமிலக் கலவையிலும் போட்டு, ஒன்றும் சிந்தாமல் எடுத்தாலும் கால் கிராம் சொச்சம்தான். அதற்காக அந்த அமிலம் போர்டிலுள்ள செம்பு, ஈயம், வெள்ளீயம், நிக்கல் அத்தனையையும் கரைத்துக்கொள்கிறது. தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சும் பச்சை நீரைச் சாக்கடையில் ஊற்றினால், அந்த உலோகங்கள் எல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்கோ கொசஸ்தலை ஆற்றுக்கோ போய்ச் சேரும். நைட்ரிக் அமிலத்திலிருந்து எழும் பழுப்பு நிறப் புகைதான் என்னை மிகவும் அச்சுறுத்துவது. சுவாசித்தவுடன் லேசான இருமல் மட்டும் வரும், ஆள் வேலையைத் தொடர்வார். பல மணி நேரம் கழித்து, இரவில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைக்கும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படித்தான் விடியற்காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார், தெய்வாதீனமாகப் பிழைத்தார். தயவுசெய்து இதை வீட்டில் செய்யாதீர்கள், மாடியில் காற்றோட்டமாகச் செய்கிறேன் என்றும் தொடங்காதீர்கள்.

போர்டை முழுதாக, சிப்புகள் உடையாமல் கழற்றி விற்பதே உங்களுக்கான வேலை. பெல்ஜியத்தின் ஹோபோக்கன், சுவீடனின் ரோன்ஷேர் போன்ற இடங்களிலுள்ள பெரிய உருக்காலைகளில் போர்டுகளை உருக்கி, உருகிய செம்பையே வலையாகப் பயன்படுத்தித் தங்கம், வெள்ளி, பல்லேடியம் ஆகியவற்றை அதில் சேகரித்து, பிறகு மின்பகுப்பாலும் வேதியியல் முறைகளாலும் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். தங்கத்தில் 95 சதவீதத்துக்கு மேல் மீள்கிறது; புகையைப் பிடித்துக் கழுவும் ஏற்பாடு உலையைவிடப் பெரியது. பிரிட்டனின் அரசு நாணயச் சாலை வேல்ஸில் உள்ள தன் வளாகத்தில் அறை வெப்பநிலையிலேயே போர்டிலிருந்து தங்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்கும் ஆலையை 2024-இல் தொடங்கியிருக்கிறது. மற்ற உலோகங்களைத் தொடாமல் தங்கத்தை மட்டும் கரைப்பதால், மிஞ்சும் போர்டு அடுத்த கட்டத்துக்குக் கெடாமல் போகிறது.

சௌகார்பேட்டைத் தங்கப் பட்டறைகளில் தூசியைக்கூடச் சேர்த்து வைக்கிறார்களே?

அது நம் ஊரில் தலைமுறைகளாக நடக்கும் மீட்பு முறை, அதற்கு என் முழு மரியாதை உண்டு. அராவும்போது விழும் பொடி, கை கழுவிய நீரின் அடியில் தங்கும் வண்டல், உட்காரும் பாய், கூட்டிய குப்பை எல்லாவற்றையும் ஆண்டுக்கொரு முறை எரித்துச் சாம்பலாக்கி அரித்துத் தங்கம் எடுப்பார்கள். பட்டறைத் தெருவின் சாக்கடை மண்ணைக் காசு கொடுத்து வாங்கி அரிப்பவர்களும் உண்டு. குறை ஒன்றுதான்: சிலர் கடைசிக் கட்டத்தில் பாதரசம் சேர்த்துப் பிறகு சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி சுவரிலும் கூரையிலும் படிந்து, அந்த அறையிலேயே படுத்து உறங்குபவர்களின் நரம்பைக் கெடுக்கும். பொடியை அப்படியே சுத்திகரிப்பாளரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

சயனைடு இல்லாமல் தங்கம் எடுக்க முடியாதா?

கோலார் தங்க வயலில் குடும்ப வேர் உள்ளவர்கள் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் ஏராளம். இந்தக் கேள்வி பெரும்பாலும் அவர்களிடமிருந்து வருகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட அந்தச் சுரங்கத்திலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் கிடைத்தது. மிஞ்சியது, ஊரைச் சுற்றி நிற்கும் ‘சயனைடு மலை’ என்று மக்கள் அழைக்கும் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைமண் குன்றுகள். காற்றடி காலத்தில் அந்த மண் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும் என்று அங்கே வளர்ந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மிகவும் நீர்த்த, காரத்தன்மையுள்ள சயனைடு கரைசலில் காற்றின் உதவியோடு தங்கம் கரையும். கரைசலின் காரத்தன்மை குறைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். ருமேனியாவில் 2000 ஜனவரி 30 அன்று ஒரு தேக்கம் உடைந்து ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் கலந்ததில் திசோ ஆற்று மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மாற்று முறைகளில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது தயோசல்பேட் முறை. அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு பெரிய சுரங்கத்தில் 2014 முதல் பயன்படுத்தினார்கள். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு, ஆனால் கட்டுப்படுத்துவது கடினம், எல்லாத் தாதுக்கும் பொருந்தாது. எனவே முடியும் என்பது பதில், எங்கும் எப்போதும் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய கார், இன்வெர்ட்டர் பேட்டரிகளைப் பற்றி என்ன?

இந்தப் பேட்டரிகளுக்குள் இருப்பது ஈயம். அது உலகில் மிக அதிகமாக மறுசுழற்சி ஆகும் உலோகங்களில் ஒன்று, அதே சமயம் தவறாகச் செய்தால் மிக அதிகமாகக் கெடுப்பதும் அதுதான். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடுவதால், ஒரு பள்ளமும் கொஞ்சம் கரியும் ஊதுலையும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சூட்டில் உருகுவது பேட்டரியின் சட்டமும் முனைகளும் மட்டும். ஈயத்தின் பெரும்பகுதி தட்டில் பூசிய பசையில் சல்பேட்டாகவும் ஆக்சைடாகவும் இருக்கிறது. அதை உலோகமாக்க ஆயிரம் டிகிரி அளவுக்கு வெப்பமும் சரியான சேர்மானமும் வேண்டும். பள்ளத்து உலையில் அது கசடாக மிஞ்சி, அந்தக் கசடு காலி மனையில் கொட்டப்படுகிறது. கொட்டிய இடத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் வயதில் ஈயம் உடம்புக்குள் போனால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும், போன அறிவு திரும்பாது. இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வேலை முடிந்து அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கும் அப்பாவும் அறியாமல் ஈயத்தைக் கொண்டுபோகிறார் என்பதை ஒவ்வொரு தொழிலாளியிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: குளித்து, உடை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒழுங்கான ஆலையில் பேட்டரியை மூடிய இயந்திரத்தில் நொறுக்கி, நீரில் மிதக்கும் பிளாஸ்டிக்கைத் தனியாக எடுக்கிறார்கள். பசையோடு சோடா உப்பை (சோடியம் கார்பனேட்) சேர்த்தால் கந்தகம் சோடியம் சல்பேட்டாகப் பிரிந்து சலவைத் தூள் தயாரிப்புக்கு விற்பனையாகிறது. உலையில் கந்தக டையாக்சைடு புகை பெருமளவு குறைகிறது, கசடும் குறைகிறது. ஒரு வேதியியல் படியை முன்னால் சேர்ப்பதால் பின்னால் மூன்று தொல்லைகள் நீங்குவதற்கு இது நல்ல உதாரணம். அமிலத்தைத் தெருவில் கொட்டிவிட்டு, எடை குறைந்த பேட்டரியைக் கொண்டுவரும் வழக்கத்தை வாங்குகிறவர்கள்தான் நிறுத்த முடியும். அமிலத்தோடு முழுதாக வந்த பேட்டரிக்கு விலையைக் கூட்டிக் கொடுத்தால் யாரும் கொட்ட மாட்டார்கள்.

லித்தியம் பேட்டரி?

அதை நசுக்கவோ துளையிடவோ கூடாது. உள்ளே மிஞ்சிய மின்சாரமே தீயை மூட்டிவிடும். ஆலையில் அந்த மின்சாரத்தை முழுதாக வடித்து, ஆக்சிஜன் இல்லாத சூழலில் நொறுக்கி, ‘பிளாக் மாஸ்’ எனப்படும் கரும்பொடியாக்குகிறார்கள். அதை உலையில் உருக்கினால் கோபால்ட்டும் நிக்கலும் செம்பும் கிடைக்கும், லித்தியம் கசடோடு போய்விடும். அமிலத்தில் கரைத்துப் பிரித்தால் லித்தியமும் கிடைக்கும், ஆனால் கழிவு உப்புநீரைக் கையாள வேண்டும். மின்முனைப் பொருளை உடைக்காமல் புதுப்பிக்கும் நேரடி முறையில் கழிவு மிகக் குறைவு. ஒரே வகைப் பேட்டரிகளாகப் பிரித்துக் கொடுத்தால்தான் அது நடக்கும். மறுபடியும் தரம் பிரிப்பில்தான் வந்து நிற்கிறோம்.

கொடுங்கையூரில் நடக்கும் ‘பயோமைனிங்’ கிருமிகளை வைத்து உலோகம் எடுப்பதா?

பெயரால் வந்த குழப்பம் இது. கொடுங்கையூரில் நடப்பது, பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கலவை தெளித்து மட்கச் செய்து, பெரிய சுழல் சல்லடைகளில் சலித்து மண், கல், எரியக்கூடிய பிளாஸ்டிக் எனப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை. அங்கே உலோகம் மிகக் குறைவாகவே கிடைக்கும். குப்பை பொறுக்கும் மக்கள் லாரி கொட்டிய அன்றே உலோகத்தை எடுத்துவிட்டார்கள் என்பதே காரணம்.

கிருமிகளால் உலோகம் எடுப்பது வேறு. கந்தகமும் இரும்பும் உள்ள பாறையில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியா, இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அதிலிருந்து தன் உயிருக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. சுரங்கங்களிலிருந்து கசியும் அமில நீரில் 1947-இல் இதைக் கண்டறிந்தார்கள். அது உருவாக்கும் இரும்பு உப்பும் கந்தக அமிலமும் தாதிலுள்ள செம்பைக் கரைத்துக் கொடுக்கின்றன. உலைக்கு ஆகாத ஏழைத் தாதையும் பழைய கழிவுக் குவியலையும் இப்படிப் பயன்படுத்தலாம். வெப்பம் தேவையில்லை, கந்தகப் புகை இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ தங்கச் சுரங்கத்தில் 1986 முதல் பாக்டீரியாத் தொட்டிகள் வேலை செய்கின்றன. ஆனால் கிருமி என்றவுடன் பசுமை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பின்லாந்தின் தல்விவாரா நிக்கல் சுரங்கத்திலும் கிருமிகளைத்தான் நம்பினார்கள். 2012 நவம்பரில் அங்கே தேக்கக் குளம் கசிந்து உலோக நீர் சுற்றியிருந்த நீர்நிலைகளில் கலந்தது. அமிலத்தை மனிதன் ஊற்றினாலும் பாக்டீரியா சுரந்தாலும் அடியில் விரித்த தாள் கிழியாமல் இருக்க வேண்டும்.

செடி வளர்த்து நிக்கல் எடுக்கிறார்களாமே?

ஆம். நிக்கல் மிகுந்த மண்ணில் வளரும் சில செடிகள் அதை இலையிலும் சாற்றிலும் சேர்த்து வைக்கின்றன. அல்பேனியாவில் செய்த சோதனைகளில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 100 கிலோ அளவுக்கு நிக்கல் கிடைத்திருக்கிறது. அறுத்து எரித்த சாம்பலே தாது. மலேசியாவின் சபாவில் பயன்படும் செடி நம் நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவு என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். அதற்கான மண் வடசென்னையில் இல்லை, ஆகையால் இங்கே இதைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலில் அருமண் உலோகம் (ரேர் எர்த்) இருந்தால் ஏன் எடுக்கக் கூடாது?

இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் செப்பாக்கத்தில் குளமாகத் தேங்கி நிற்பதையும், குழாய் உடைந்தபோதெல்லாம் கழிமுகம் வெளுத்ததையும் பார்த்தவர்கள் இதைக் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்வி. சாம்பலில் ஒரு டன்னுக்குச் சில நூறு கிராம் அருமண் உலோகங்கள் இருக்கின்றன, அலுமினாவும் இருக்கிறது. ஆனால் கொதிகலனின் சூட்டில் அவற்றில் பெரும்பகுதி கண்ணாடிபோன்ற துகள்களுக்குள் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கக் கடும் அமிலமோ காரத்தோடு வறுப்பதோ தேவை. சில நூறு கிராம் உலோகத்துக்காக ஒரு டன் சாம்பலை ஒன்றரை டன் அமிலச் சேறாக மாற்றி அதே கழிமுகத்தின் ஓரத்தில் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இன்றைய நிலையில் அந்தச் சாம்பலைக் குளத்துக்கு அனுப்பாமல் உலர்ந்த நிலையிலேயே பிடித்துச் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் கொடுப்பதே மேல்.

காட்டுப்பள்ளி கடல்நீர் ஆலையின் உப்புக் கழிவிலிருந்து லித்தியம் எடுக்கலாமா?

கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.17 மில்லிகிராம் லித்தியம். மீஞ்சூர் ஆலை என்று அழைக்கப்படும் அந்த ஆலை 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. 10 கோடி லிட்டர் கடல் நீரில் 17 கிலோ லித்தியம்தான் இருக்கும், அதிலும் ஒரு பகுதிதான் மீளும். அதே நீரில் மக்னீசியம் 130 டன். கடல் நீரிலிருந்து மக்னீசியம் எடுப்பது அமெரிக்காவின் டெக்சாஸில் 1941-லேயே நடந்த காரியம். பேச வேண்டுமானால் மக்னீசியத்தைப் பற்றிப் பேசலாம்.

மணலி ஆலைகளின் கழிவில் மீட்கத் தகுந்தது ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்கும் வினையூக்கிகள் அலுமினா உருண்டைகளின்மேல் மாலிப்டினமும் கோபால்ட்டும் அல்லது நிக்கலும் ஏற்றியவை. சில ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பிறகு, கச்சா எண்ணெயிலிருந்து வந்த வனேடியமும் அவற்றில் சேர்ந்திருக்கும். காற்றுப் பட்டால் தானே சூடேறிப் புகையும் ஆபத்தான கழிவு அது, பல தாதுக்களைவிட வளமானதும் அதுதான். எண்ணெயை எரித்து நீக்கிச் சோடா உப்போடு வறுத்தால் மாலிப்டினமும் வனேடியமும் நீரில் கரையும் உப்புகளாகின்றன. நிக்கல், கோபால்ட், அலுமினா பின்தங்கி அவற்றுக்கும் தனி வழி இருக்கிறது. புதைகுழிக்கு அனுப்புவதைவிட இது எல்லா வகையிலும் நல்லது.

முலாம் பூசும் சிறு பட்டறைகளுக்கு ஒரு சொல். நிக்கல் தொட்டியிலிருந்து பொருளைத் தூக்கியவுடன் கழுவாமல், சில விநாடிகள் தொட்டிக்கு மேலேயே வடிய விடுங்கள். ஒரே தொட்டியில் நிறைய நீரில் கழுவுவதற்குப் பதில் மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்து, நீர் எதிர்த் திசையில் வரும்படி செய்தால் தண்ணீரும் மிச்சம், முதல் தொட்டி நீர் திரும்ப நிக்கல் தொட்டிக்கே போகும். மாதவரம், பல்லாவரம் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலிலும் இதேபோல், பயன்படுத்திய குரோம் நீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் குரோமியத்தை வண்டலாகப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடப் பயன்படுத்தும் முறை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் 106 வகைச் சாதனங்களுக்குப் பொருந்தும். தயாரிப்பாளர்கள், பதிவு செய்த மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்கிப் பொறுப்பை நிறைவேற்ற வேண்டும். அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என நான்கு உலோகங்களின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பேட்டரிகளுக்கு 2022-இல் தனி விதிகள் வந்தன. லித்தியம், கோபால்ட் போன்ற முக்கியக் கனிமங்களை மறுசுழற்சியில் மீட்பதற்காக ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இவை வேண்டியவைதான். ஆனால் பதிவு, சான்றிதழ், ஊக்கத்தொகை எல்லாம் ஆலை வாசலில் தொடங்குகின்றன; பலகையில் உட்கார்ந்து மின்விசிறி பிரிப்பவரின் கூலியிலும் கையுறையிலும் முகக்கவசத்திலும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு வந்து சேரும்படி விதி எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன்.

வீட்டில் கிடக்கும் பழைய போனையும் பேட்டரியையும் இப்போதைக்கு என்ன செய்வது?

இழுப்பறையில் வைத்திருக்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். உங்கள் தகவல்களை அழித்துவிட்டு, போனைப் பிரிக்காமல் முழுதாக, பதிவு செய்த சேகரிப்பாளரிடமோ, தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்திலோ கொடுங்கள். தெருக் கடையில் கொடுப்பதானால், வயரை எரிக்காத, போர்டை அமிலத்தில் போடாத கடையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நாலு வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் செல்லோ டேப் ஒட்டுங்கள். உப்பியிருந்தால் அழுத்திப் பார்க்காமல், உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.